பழுது இல்லையென்றால் காசு இல்லை

உங்கள் மேஜைக்கு அடியில் இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டியில் காற்றாடிச் சத்தம் சரியில்லை, சார். பயப்பட ஒன்றுமில்லை, தூசிதான். பக்கத்து மூடியைக் கழற்றி, பெயின்ட் அடிக்கிற பிரஷ் ஒன்றால் தட்டிவிட்டால் போதும். வெளியில் கொடுத்தீர்கள் என்றால், உள்ளே எல்லாம் எரிந்துபோச்சு என்று சொல்லி மாதக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். ரைட்டர் என் வாக்குமூலத்தை எழுதி முடித்ததும், நீங்கள் அனுமதித்தால், நானே துடைத்துத் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றீர்கள். ரேட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

முன்பு நான் கடைத்தெருவில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி மணிக்கணக்கில் பில் போடுகிறவர். வீடுகளுக்கு அனுப்பும்போதெல்லாம், "போன உடனே முடிச்சுட்டு ஓடி வந்துராத. உக்காந்து நிதானமா பாரு" என்பார். நிதானம் என்றால், திரையில் ஏதாவது ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும், நான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அதையே பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் பின்பக்கம் கேபிள் நழுவியிருந்தது, அவ்வளவுதான். உட்கார்ந்த உடனே அதைப் பார்த்துவிட்டேன். ஆனாலும் முதலாளி சொன்னபடி கோட்டை ஊரவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டு அம்மா எனக்குப் பின்னால் நின்றார். அவர் என்னையும் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரையும் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பணம் எடுக்க சமையலறை டப்பா ஒவ்வொன்றையும் திறந்து துழாவினார். படி இறங்கும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுத்தவர் தலையில் மிளகாய் அரைக்கிற பிழைப்பு நமக்கு வேண்டாம் என்று அந்த மாதத்தோடு நின்றுவிட்டேன்.

சொந்தமாக ஆரம்பித்தபோது ரேட்டை நானே போட்டேன். வீட்டுக்கு வந்தால் விசிட் சார்ஜ், ஒரே தொகை. சட்டென்று முடிந்தாலும் அதேதான், பொழுது சாய்கிற வரை இழுத்தாலும் அதேதான். யாரும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வந்து பார்த்து, பழுது ஒன்றும் இல்லையென்றால் காசே இல்லை. பஸ் செலவு என் தலையில். அழிந்துபோனதை மீட்டுக் கொடுக்கிற வேலை மட்டும் தனி ரேட், இரண்டு மடங்கு. அது பொறுமை வேண்டிய வேலை. கம்ப்யூட்டரில் ஒன்றை அழித்தால் அது உடனே போய்விடாது, சார். இந்த இடம் காலி என்று மட்டும் குறித்துக்கொள்ளும். புதிதாக ஒன்று வந்து அதன் மேல் உட்காருகிற வரைக்கும் பழையது அங்கேதான் இருக்கும். அதனால், போட்டோ போச்சு, கடிதம் போச்சு என்று யார் பதறிக்கொண்டு கூப்பிட்டாலும் நான் முதலில் சொல்வது, நான் வருகிற வரைக்கும் எதையும் எழுதாதீர்கள், எதையும் தொடாதீர்கள் என்பதுதான். மீட்க முடியவில்லையென்றால் அதற்கும் காசு வாங்குவதில்லை.

என் மனைவிக்கு இது பிடிக்கவே பிடிக்காது. அவள் ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறவள். "ஏங்க, நீங்க தொழில் பண்றீங்களா, தர்மசத்திரம் நடத்துறீங்களா? எங்க கடையில கத்திரியத் தொட்டாலே காசு. நீங்க என்னடான்னா பஸ் ஏறிப் போயி, பாத்துட்டு, ஒன்னுமில்லன்னு பல்லக் காட்டிட்டு வர்றீங்க" என்பாள். ஒன்றுமில்லை என்று சொல்லும்போது மனிதர்களுடைய முகம் எப்படித் தெளியும் என்று அவளுக்குத் தெரியாது. நான் அதற்காகவே அந்த விதியை வைத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஒரே ஒரு வீட்டில்தான் அந்த வார்த்தை எடுபடவில்லை.

அது ஆபரேட்டரம்மா வீடு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டாவது மாடி, தனி ஆள். பழைய திரைச்சீலையில் கம்ப்யூட்டருக்கு உறை தைத்துப் போட்டிருப்பார். அதன் முன்னால் முதுகு சாயாமல் நிமிர்ந்து உட்காருவார், இன்னும் டியூட்டியில் இருக்கிறவர் மாதிரி. அவருக்கு எல்லாமே லைன்தான். கரண்ட் போனால் லைன் போச்சு. குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் லைன் கிடைக்கவில்லை. ஆனால் வீட்டில் போன் மட்டும் கிடையாது; மெயிலுக்குக் கேபிள்காரர் இழுத்துவிட்ட இன்டர்நெட்தான். "வேலையில இருந்த காலம் பூரா ஊரான் பேசுறதக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப்போச்சு தம்பி. இனிமே எனக்கு எந்த மணியும் அடிக்க வேணாம்" என்பார். என்னைக் கூப்பிடுவதென்றால் கீழ்வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிடுவார்.

முதல் தடவை போனபோது புகார், மெயில் வரவில்லை என்பது. பார்த்தேன். மின்கட்டணம், வங்கி விளம்பரம், தள்ளுபடி விற்பனை எல்லாம் வந்து குவிந்திருந்தது.

"வருதேம்மா" என்றேன்.

"இதெல்லாம் யாரு கேட்டா? எம்புள்ள மெயில் வரல."

அந்த மகன் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றிருக்கிறான். ஏற்கெனவே கல்யாணமாகிப் பிரிந்த பெண். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு முற்றி, வாசலில் நின்றுகொண்டு, "அவளத்தான் கட்டுவேன்னா இனிமே இந்த வீட்டுப் படி ஏறாத" என்று சொல்லிவிட்டார். அவன் ஏறவில்லை. ரயிலில் ஒரு பகல் தூரத்தில் வேறு ஊரில் குடியிருந்தான். கொஞ்ச நாள் மெயில் எழுதினான். இவர் வீம்புக்குப் பதில் போடவில்லை. பிறகு அதுவும் நின்றுபோனது. ஆபரேட்டரம்மா என்னிடம் சொன்னபோது நின்றுபோனது என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டர் கெட்டுப்போனது என்றார்.

"நீங்களே ஒரு வரி எழுதிப் போடலாமேம்மா" என்று கேட்டேன். ரைட்டர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நான் முதலில் நல்ல வழியைத்தான் சொன்னேன்.

"நான் பெத்தவ தம்பி. நான் போயி அவன் கால்ல விழணுமா? அவன் எழுதியிருப்பான். ரோஷக்காரன்தான், ஆனா நெஞ்சுல ஈரம் உள்ளவன். நடுவுல எங்கயோ லைன் அறுந்திருக்கு, நீங்க பாருங்க."

பார்த்தேன். பழுது இல்லை என்றேன், காசு வேண்டாம் என்றேன். திரும்பக் கூப்பிட்டார். திரும்பவும் பார்த்தேன். இப்படிப் பல தடவை. ஒருநாள் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கப் பையைத் துழாவினால், பக்கவாட்டு அறையில் என் விசிட் சார்ஜ் மடித்து வைத்திருந்தது. நான் கைகழுவப் போன நேரத்தில் வைத்துவிட்டிருக்கிறார். செய்யாத வேலைக்குக் காசு. ராத்திரி முழுக்க அது என்னை உறுத்தியது. மறுநாளே பஸ் ஏறிப் போய் மேஜைமேல் வைத்தேன்.

"பழுது இல்லைன்னா நான் காசு வாங்குறதில்லம்மா. அது என் கொள்கை."

அவர் அந்தப் பணத்தைத் தொடவில்லை. என்னைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டார். "பழுது இல்லைன்னா அவன் எழுதலைன்னுதானே தம்பி அர்த்தம்?"

அதுவரை நான் அப்படி யோசித்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் காசு வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம், உன் பிள்ளை உன்னை மறந்துவிட்டான் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. உறையை எடுத்துவிட்டு, உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "ஆமாம்மா, ஒரு கோளாறு இருக்கு. இப்பத்தான் கண்ணுல படுது."

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நான் சொன்னேன்ல" என்று ஒரு சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினார். மேஜைமேல் இருந்த பணத்தை எடுத்து என் கையில் திணித்தார். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கின பிறகு வேலையை முடிக்காமல் விடுவது என் வழக்கம் இல்லை. மெயில் வரவில்லை என்பது பழுது. மெயில் வர வேண்டும் என்பது வேலை. அந்த இடத்திலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

மகனின் பழைய கடிதங்கள் அவர் கம்ப்யூட்டரில் இருந்தன. படித்தேன். அவன் அம்மா என்று ஆரம்பிக்க மாட்டான், "ஏய் கிழவி, சாப்ட்டியா?" என்று ஆரம்பிப்பான். கடைசியில் எப்போதும் ஒரே வார்த்தை: "கோவமா?" நடுவில் பஸ்ஸில் நடந்தது, ஆபீஸில் நடந்தது, யாரையாவது கேலி செய்வது. கஷ்டமான நடை இல்லை. அவன் பேரில் புது முகவரி ஒன்று உண்டாக்கி, அவன் நடையிலேயே ஒரு கடிதம் எழுதி, பழைய முகவரி வேலை செய்யவில்லை, இனிமேல் இதற்கே எழுது என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்.

அவர் பதில் மறுநாள் வந்தது. ஒரு விரலால் தட்டித் தட்டி அடித்திருப்பார், அத்தனை நீளம். கண்ணா என்று ஆரம்பித்திருந்தார். நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது கண்ணா, வாய் தவறிடுச்சு என்று எழுதியிருந்தார். அவளையும் கூட்டிக்கொண்டு வா என்று எழுதியிருந்தார். நான் அதைப் பல தடவை படித்தேன். என்னைப் பெற்றவள் என் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். என் பங்கை மாதம் தவறாமல் கொடுத்துவிடுகிறேன். மாத்திரை தீர்ந்ததைப் பற்றிப் பேசுவோம், வேறு பேச்சு எங்களுக்குள் கிடையாது. சின்ன வயதிலும் கிடையாது. கண்ணா என்று ஒருத்தர் எனக்கு எழுதினது அதுதான் முதல் தடவை. இதை ரைட்டர் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அவளையும் கூட்டி வா என்றதற்கு ஏதாவது சொல்லியாக வேண்டுமே. அவள் என்னை விட்டுப் போய்விட்டாள் என்று எழுதினேன். ஒருத்தர் கடிதம் எழுதுகிற இடத்தில் இரண்டு பேரைச் சமாளிப்பது கஷ்டம். ஆபரேட்டரம்மா அந்தப் பெண்ணைக் கிழிகிழி என்று கிழித்து ஒரு பதில் போட்டார். அன்றைக்கு எனக்கு அந்தப் பெண்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

எப்போது வருவாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பார். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவேன்; அதை மட்டும், லீவு கிடைக்கட்டும் கிழவி, அவசரப்படாதே என்று தள்ளிவிடுவேன். என் வீட்டிலிருந்தே அவர் கம்ப்யூட்டரைப் பார்க்க ஒரு வசதி செய்து வைத்தேன். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அவர் விசிட் சார்ஜ் கொடுக்க வேண்டாமே என்றுதான். ஆனாலும் மாதம் ஒரு தடவை கூப்பிடுவார். நான் போய் ஏதாவது ஒரு ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருப்பேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார்.

"பாருங்க தம்பி எப்படி எழுதியிருக்கான்னு. போக்கிரிப் பய. அந்த மேனேஜரக் கிண்டல் பண்றத பாருங்களேன்" என்று கண்ணில் நீர் வரச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அவருக்கு இதனால் நஷ்டம் எதுவும் இல்லை, சார். மாத்திரையை நேரத்துக்குப் போட ஆரம்பித்தார். நான் கடிதத்தில் அதட்டியதால்தான். சோர்ந்து படுத்துக் கிடந்தவர் மொட்டைமாடிக்கு ஏறி நடந்தார். வீட்டுக்கு வெள்ளையடித்தார். மகன் வந்தால் படுக்க என்று உள்ளறையில் புது மெத்தை வாங்கிப் போட்டார். கீழ்வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், ஆபரேட்டரம்மாவுக்குப் பத்து வயசு குறைந்துவிட்டது என்று அவரே என்னிடம் சொன்னார்.

இப்போது நீங்கள் கேட்க நினைக்கிற இடத்துக்கு வருகிறேன்.

ஒருநாள் மத்தியானம், என் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேட்டரம்மா கடைக்குப் போயிருந்தார். என் கடிதத்துக்கு மேலே இன்னொன்று வந்து நின்றது. பழைய முகவரியிலிருந்து. அது அம்மா என்று ஆரம்பித்திருந்தது.

"அம்மா, நான்தான். விளையாட்டுக்கு எழுதல. கிட்னி ரெண்டும் போச்சுன்னு சொல்லிட்டாங்க. ஒரு வருஷமா இழுத்துக்கிட்டு இருக்கேன், இப்ப முடியல. பயமா இருக்கும்மா. உன்னப் பாக்கணும். நீ படி ஏறாதன்னு சொன்ன. ஏறலாம்னு ஒரு வார்த்தை எழுது, போதும். அடுத்த வண்டியில வந்துர்றேன்."

நான் அவசரப்படவில்லை. மனைவி வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைக்கூடத் தொடாமல் யோசித்தேன். இதை அவர் பார்த்தால் ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் தெரியும். மகன் சாகக் கிடக்கிறான் என்பது ஒன்று. இத்தனை நாள் தினமும் கண்ணா என்று கொஞ்சிக்கொண்டிருந்தது அவனை இல்லை என்பது இன்னொன்று. ஒரு வயசான மனுஷி அந்த இரண்டையும் எப்படித் தாங்குவார்? ஒன்றையாவது அவருக்கு மிச்சம் வைக்க வேண்டாமா? வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. விசிட் போய்விடுமே என்று பயந்தாய் என்பீர்கள். மாதத்துக்கு ஒரு விசிட், சார். அதற்காகவா?

அழித்தேன். அதற்குப் பிறகு அந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் அவர் கண்ணில் படாமல் ஒதுங்குகிற மாதிரி செய்தேன். ஒதுங்கினதை நான் படித்துவிட்டு அழிப்பேன். படிக்காமல் அழித்தேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் முழுசாகப் படித்தேன். ஒன்றில், வலி வரும்போது என் சின்ன வயசில் நீ பாடின பாட்டை முனகிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தான். அந்தத் தகவல் எனக்குப் புதிது. அடுத்து நான் எழுதின கடிதத்தில் அதைச் சேர்த்தேன். பாட்டு ஞாபகம் இருக்கா கிழவி என்று. ஆபரேட்டரம்மா அந்தப் பாட்டை முழுசும் எழுதி அனுப்பினார். நல்ல பாட்டு.

அம்மா எழுதின மாதிரி 'ஏறலாம்' என்று அந்தப் பையனுக்காவது ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். யோசித்தேன். ஆனால் அது ஏமாற்று வேலை. சாகப்போகிறவனை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

கடைசியாக வந்ததில் ஒரே வார்த்தைதான் இருந்தது. "கோவமா?" அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அந்தப் பெண் வந்த அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன். ஆபரேட்டரம்மா ஒரு பிரிண்டர் வாங்கியிருந்தார். மகன் கடிதங்களை எல்லாம் தாளில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று. அதில் தாள் சிக்கிக்கொண்டது. நான் தரையில் உட்கார்ந்து சிக்கின தாளை இழுத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஒரு பெண், தோளில் துணிப்பை, முகத்தில் ரயில் அழுக்கு. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"அத்தை, நான் உங்க மருமக."

ஆபரேட்டரம்மா கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "இப்ப எதுக்கு வந்த? அவன அம்போன்னு விட்டுட்டுப் போனவதானே நீ?"

"நானா? கடைசி நிமிஷம் வரைக்கும் நான்தான் அத்தை கூட இருந்தேன். அவரு போயிட்டாரு. உங்க பதிலுக்காகவே உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. நானே கூட்டிட்டுப் போறேன், வாங்கன்னேன். அம்மா சொல்லாம படி ஏற மாட்டேன்னுட்டாரு. ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே அத்தை. அவ்வளவு என்ன கோவம்?"

ஆபரேட்டரம்மா ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார், சார். நிம்மதியாகச் சிரித்தார். "என்ன நாடகம் போடுற? எம்புள்ள முந்தாநேத்து எழுதியிருக்கான்டி" என்று பிரிண்டர் மேலிருந்த தாள்களை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அந்தப் பெண் படித்தாள். ஏய் கிழவி என்கிற இடத்திலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அது அவன் பேச்சு. தேதியைப் பார்த்தாள், தாளைத் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் தரையில் உட்கார்ந்திருந்த என்னைக் கவனித்தாள்.

"அண்ணே, நீங்க கம்ப்யூட்டர் பாக்குறவரா? இது எங்கேருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பச்சைக் கோடு ஒன்றை ஊரவிட்டு, அது முடிகிற வரைக்கும் காத்திருந்தேன். கடையை விட்டு வந்த பிறகு அதைச் செய்தது அன்றைக்குத்தான்.

"மெயில் சரியாத்தான் வந்திருக்கு. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல" என்றேன்.

"கேட்டியா?" என்றார் ஆபரேட்டரம்மா. "விவரம் தெரிஞ்சவரு சொல்றாரு. சாகாத பிள்ளைய செத்துட்டான்னு சொல்ற வாய் உனக்கு. வெளிய போ."

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்தாள். அவனுடையது. இதையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினாள். ஆபரேட்டரம்மா அதைப் பார்க்காமல் கதவைச் சாத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தலையே சுத்துது தம்பி" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்குப் பிரிண்டரில் பழுது இருந்தது. அதற்கு மட்டும் வாங்கினேன். கம்ப்யூட்டர் பார்த்ததற்கு வாங்கவில்லை.

சாயங்காலம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஒரே வரி. "கண்ணா, நல்லா இருக்கேன்னு உடனே எழுது, எனக்குப் பயமா இருக்கு." பயமாக இருக்கும்மா என்று முன்பு அவன் எழுதினது எனக்கு ஞாபகம் வந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் அந்த விஷயத்தில் ஒரே மாதிரி. அவரைக் காத்திருக்கவிடக் கூடாது என்று உடனே பதில் போட்டேன். "ஏய் கிழவி, நல்லா இருக்கேன். நீ சாப்ட்டுத் தூங்கு. கோவமா?"

அந்தப் பெண் நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். நீங்கள் என் வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுக் கீபோர்டை அக்கக்காகக் கழற்றி வைத்திருந்தேன். அதை யாராவது திரும்ப மாட்டிக் கொடுத்தால் நல்லது. விசிட் சார்ஜ் முன்கூட்டியே வாங்கிவிட்டேன்.

நான் எதையும் மறுக்கவில்லை, சார். கடிதங்கள் எல்லாம் நான் எழுதினவைதான். அவன் எழுதினதை எல்லாம் அழித்ததும் நான்தான். அவன் சாகப்போகிறான் என்று தெரியும், ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறான் என்று தெரியும், அவன் அம்மா அந்த வார்த்தையை என்றைக்கோ எழுதி என்னிடம் கொடுத்துவிட்டார் என்பதும் தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஆனால் ஒருத்தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டேன் என்று ரைட்டர் எழுதியிருக்கிறாரே, அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நான் வந்தபோது அந்த இடம் காலியாக இருந்தது.

காலையில் நீங்கள் போய் ஆபரேட்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னதாகச் சொன்னீர்கள். அவர் அழவில்லை, என்னைத் திட்டவில்லை என்றீர்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. ஒன்றே ஒன்று கேட்டார் என்றீர்கள். "அப்ப அவன் எழுதினது எங்க?"

அவர் அப்படிக் கேட்டதால்தான் சொல்கிறேன். அவரிடம் சொல்லுங்கள், கம்ப்யூட்டரில் எதையும் எழுத வேண்டாம், எதையும் தொட வேண்டாம். அவன் எழுதினது அங்கேதான் இருக்கும், அதன் மேல் வேறு எதுவும் வந்து உட்கார்ந்திருக்காவிட்டால். அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்ததில் பெரும்பாலும் என் கடிதங்கள்தான். அவை எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். என்னை ஒரு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். விலங்கு போட்டே கூட்டிக்கொண்டு போங்கள், பரவாயில்லை. உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கிறேன்.

அழிந்ததை மீட்பது தனி ரேட்தான், இரண்டு மடங்கு. ஆனால் அவரிடம் நான் அப்படிக் கறாராகப் பேச முடியாது, எனக்கும் அவர் அம்மா மாதிரிதான். வழக்கமான விசிட் சார்ஜ் மட்டும் கொடுத்தால் போதும் என்று சொல்லுங்கள்.